பதினேழாம் எண் பலகை

டீ வேண்டாம் ஐயா. மதியத்துக்கு மேல் டீ குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் வைக்கச் சொன்னால் போதும். வாக்குமூலம் எழுதுகிறவரை நிதானமாகவே எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் எழுதினால் அடித்தல் திருத்தல் வரும், அது எனக்குப் பிடிக்காது.

பெயர் அரங்கநாதன். வயது நாற்பத்தெட்டு. சொந்த ஊர் ரிஷிவந்தியம் பக்கம். சாலை ஆய்வாளராகப் பத்தொன்பது வருஷம் சர்வீஸ். கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோடும், அடிவாரத்தில் அதோடு வந்து சேரும் இரண்டு கிராமத்து ரோடுகளும் போன வருஷம் வரை என் பொறுப்பில் இருந்தன. மூன்றிலும் மொத்தம் நாற்பத்தொரு எச்சரிக்கைப் பலகைகள். அவற்றைப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒரு நாளும் பிடுங்கிக்கொண்டு போனதில்லை.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இரும்புத் தகடு என்றால் தனிப் பாசம். 'குறுகிய பாலம்' என்ற பலகையை ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கண்டுபிடித்தேன். 'பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்' ஓர் ஆட்டுப்பட்டிக்குக் கதவாக இருந்தது. ஆடுகள் அதன்படியே நடந்துகொண்டிருந்தன. மலைமேல் ஒரு வீட்டில் இருபது கிலோமீட்டர் வேகத்தின்மீது மரவள்ளிச் சீவல் காய்ந்துகொண்டிருந்தது. நட்டிருக்கும் ஆங்கிள் கம்பியைக் கொல்லனிடம் கொடுத்தால் நாலு கொடுவாள் அடித்துக் கொடுப்பான். திருடாதவர்கள் கல்லால் அடித்தார்கள், கல் எடுக்காதவர்கள் போஸ்டர் ஒட்டினார்கள். தேர்தல் வந்தால் என் முக்கோணங்களில் எல்லாக் கட்சியின் சின்னமும் இருக்கும், வளைவு மட்டும் இருக்காது.

ஒவ்வொரு பலகை போனபோதும் மேலே இருந்து எனக்கு ஒரு மெமோ வரும். ஏன் போனது, எப்படிப் போனது, போகாமல் இருக்க நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். பலகை இல்லாத வளைவில் எவன் விழுந்தான் என்று கேட்டு ஒரு மெமோகூட வந்ததில்லை. ஒரு மனிதன் தன்னிடம் எதைக் கேட்கிறார்களோ அதைத்தானே கவனிப்பான்.

கவனித்தேன். போல்ட்டின் தலைகளை வெல்டிங் வைத்து உருக்கிவிட்டேன். குழியில் ஜல்லியும் சிமெண்டும் கொட்டினேன். பலகைக்குப் பின்பக்கம் 'அய்யனார் பார்த்துக்கொண்டிருக்கிறார், திருடினால் கண் போகும்' என்று என் கையாலேயே எழுதினேன். ஒரு வாரத்தில் அதற்குக் கீழே எவனோ கரித்துண்டால் 'கண்ணு போனப்பறம் போர்டு எதுக்கு' என்று எழுதியிருந்தான். அதற்கடுத்த வாரம் அந்தப் பலகையே இல்லை.

அதன் பிறகுதான் சேராங்கொட்டை ஞாபகம் வந்தது. துணிக்குக் குறி போட வண்ணான் வைத்திருப்பானே, அந்தக் கொட்டை. அதன் சாறு தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். எண்ணெயில் கலந்து கம்பம் முழுவதும் தடவி வைத்தேன். திருடன் யார் என்று அவன் கையே சொல்லிவிடும் என்பது என் கணக்கு. முதலில் சொன்னது ஓர் ஆறு வயதுப் பெண் குழந்தையின் கை. தாயோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி விளையாடியிருக்கிறது. அதே கையால் கண்ணையும் கசக்கியிருக்கிறது. ஒரு கண்ணில் பார்வை இன்னும் மங்கல்தான் என்று கேள்வி. அது திருட வந்த குழந்தை இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அய்யனார் பெயரில் எழுதியதை ஜனங்கள் அப்போதுதான் நம்ப ஆரம்பித்தார்கள். எட்டு மாதம் ஒரு பலகையும் போகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்று நான் யோசிக்கவில்லை, அது என் பிரிவு இல்லை. சாலையை மறிக்க வருகிறவன் கைக்கு முதலில் அகப்படுவது சாலையோரத்துப் பலகை. அது என் பிரிவு. அதனால் மறியலுக்கு இரண்டு நாள் முன்பே டிராக்டர் வைத்து நாற்பத்தொரு பலகைகளையும் பிடுங்கி, அடிவாரத்தில் எங்கள் குடோனில் அடுக்கிப் பூட்டினேன்.

என்னோடு வேலை செய்தவன் சின்னக்கண்ணு. பதினைந்து வருஷம் கடப்பாரை பிடித்தவன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கீழே சமதரையில் இருந்த பலகைகளைப் பேசாமல் பிடுங்கினான். மலையேறியதும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான்.

"தரைல சரி சார். மலை மேல எவன் வந்து மறியல் பண்ணப் போறான்? மொத்தமே ரெண்டு பஸ்ஸுதான் வந்து போய்க்கினு இருக்குது."

"போர்டுக்கு மலை, தரைன்னு இன்னா பேதம் இருக்குது?" என்றேன்.

"போர்டுக்கு இல்ல சார், வண்டிக்கு இருக்குது."

படிக்காதவன், ஆனால் நன்றாகப் பேசுவான். பேசிவிட்டுப் பிடுங்கினான்.

அந்த வாரம் உளுந்தூர்பேட்டைப் பக்கம் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். ஆட்கள் செத்ததாகப் பேப்பரில் வந்தது, எத்தனை பேர் என்றும் போட்டிருந்தான். எத்தனை பலகைகள் போயின என்று எந்தப் பேப்பரும் எழுதவில்லை. அதை நாங்கள்தான் மாதக் கடைசிக் கூட்டத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் முப்பது என்றார், ஒருவர் ஐம்பத்திரண்டு என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். என் முறை வந்தபோது "இல்லை" என்றேன். பெரிய அதிகாரி எழுந்து வந்து எனக்குச் சால்வை போர்த்தினார். எப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன்.

திரும்ப ஏன் நடவில்லை என்று கேட்கிறீர்கள். போராட்டம் முடிந்துவிட்டது என்று எங்களுக்கு யாரும் எழுத்தில் தரவில்லை. அடுத்த மாதம் மறுபடி மறியல் என்றார்கள், அது தள்ளிப்போய் அதற்கடுத்த மாதம் என்றார்கள். இதற்கிடையில் குடோனில் பலகைகள் நன்றாக இருந்தன. வெயில் இல்லை, மழை இல்லை, போஸ்டர் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணிப் பார்த்து, பதிவேட்டில் 'நாற்பத்தொன்றும் குடோனில், நல்ல நிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சில வாரங்கள்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

மலை ரோட்டில் ஏழாவது வளைவு கொஞ்சம் மோசமானது. மேலேயிருந்து இறங்கும்போது ரோடு நேராக, நீளமாக வரும். டிரைவருக்கு வளைவெல்லாம் முடிந்துவிட்டது போல ஒரு தைரியம் வந்துவிடும். அந்த இடத்தில் ரோடு திடீரென்று மடங்கித் திரும்பும். எதிரே பள்ளம், அடியில் பாறைகளோடு ஓர் ஓடை. பதினேழாம் எண் பலகை அந்த வளைவுக்கு உரியது.

அக்டோபரில் கடுக்காய் மூட்டை ஏற்றிவந்த லாரி ஒன்று அங்கே கவிழ்ந்தது. கிளீனருக்கு ஒரு கால் போனது. மறுநாள் காலையில் சின்னக்கண்ணு குடோன் வாசலில் வந்து நின்றான்.

"சார், ஏழாவதுக்கு மட்டுமாவது எட்த்துக்கினு போயி நட்டுட்டு வந்துடலாம். ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணு நட்டா அந்த ஒண்ணு போவும். அப்பறம் நான் நாப்பதுன்னு எழுதணும்."

"அந்தக் கிளீனருக்கும் ஒண்ணுதான் சார் போச்சி" என்றான். எங்கள் பதிவேட்டில் கால்களுக்குப் பத்தி கிடையாது.

அந்த வளைவில் பெரியம்மாள் என்று ஒரு மலைக்காரப் பெண்பிள்ளை இட்லியும் சுக்குக் காப்பியும் விற்றுக்கொண்டிருந்தாள். கவிழ்ந்த லாரிக்கு அடியிலிருந்து கிளீனரை இழுத்தவள் அவள்தான். அடுத்த வாரம் அவளாகவே ஒரு பலகை வைத்துவிட்டாள். எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தி, அதில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் கோடு சரியான பக்கம்தான் வளைந்திருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மூங்கிலில் தகரத்தைக் கட்டி, தூரத்திலிருந்தே கண்ணில் படட்டும் என்று தன் சிவப்புச் சேலை ஒன்றை மேலே நீளமாகக் கட்டிவிட்டிருந்தாள். பள்ளத்து ஓரத்துக் கற்களுக்கு வெள்ளையும் அடித்திருந்தாள். அதன் பிறகு ஐந்து வாரம் அங்கே ஒரு சைக்கிள்கூட விழவில்லை.

எனக்குத் தகவல் வந்தது கார்த்திகை மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை. அன்று காலையிலேயே சின்னக்கண்ணுவை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மேலே போனேன். சாலை எல்லைக்குள் தனியார் பலகை வைக்கக்கூடாது, அது விதி. விதியை விட்டாலும், அங்கே ஒரு தகரம் தொங்கினால் அரசாங்கப் பலகை எங்கே என்று ஒருவன் கேட்பான். ஒருவன் கேட்டால் பத்துப் பேர் கேட்பார்கள்.

நான் மூங்கிலை அசைத்ததும் பெரியம்மாள் கரண்டியோடு எழுந்து வந்தாள். சண்டை போடவில்லை.

"நீ பலகை வெச்சிருந்தா நா ஏன் சாமி வெக்கறேன்? உன்னுதக் கொண்டாந்து வெச்சுட்டு என்னுத எடுத்துக்கோ."

"இது கவர்மெண்டு ரோடு. அவங்கவங்க இஷ்டத்துக்குத் தகரம் கட்டக்கூடாது."

"அப்போ சேலையவாவது குடுத்துட்டுப் போ. கட்டிக்க வெச்சிருக்கறதே ரெண்டு."

கைப்பற்றிய பொருளைத் திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னேன். அது உண்மையும்கூட. கற்களை எடுத்துக்கொண்டு வர முடியாது என்பதால் வெள்ளையின்மேல் தார் பூசச் சொன்னேன். சின்னக்கண்ணு தார் டின்னைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நானே பூசினேன். பதினோரு கல் இருந்தது. கீழே வந்து தகரத்தையும் சேலையையும் குடோனில் வைத்துப் பதிவேட்டில் எழுதினேன். அன்று வெள்ளிக்கிழமை ஆனதால் வழக்கமான கணக்கையும் எழுதினேன். நாற்பத்தொன்றும் குடோனில், நல்ல நிலையில்.

மத்தியானத்துக்கு மேல் தூறல் பிடித்துக்கொண்டது. மலையில் பனிமூட்டமும் இறங்கியது. மூன்றரை மணிக்கு மரவள்ளி மூட்டை ஏற்றி இறங்கிய லாரி ஏழாவது வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. மூட்டைமேல் கூலியாட்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் செத்தார்கள். நான்கு ஆண்கள், மூன்று பெண்கள். டிரைவர் தெய்வசிகாமணிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. உளுந்தூர்பேட்டைக்காரன். திருச்சி ரோட்டில் ஓட்டிப் பழகியவன், மலைக்கு அன்றுதான் முதல் தடவை.

நாலேகால் மணிக்கு ஒருவன் சைக்கிளில் வேகமாக வந்து செய்தி சொன்னான். நான் முதலில் குடோனுக்குத்தான் போனேன். பதினேழாம் எண்ணை எடுத்தேன். சின்னக்கண்ணு கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"நா வரல சார். இன்னா வேணும்னாலும் எழுதிக்கோங்க."

பிற்பகல் ஆப்சென்ட் என்று எழுதிக்கொண்டேன். பலகையை மோட்டார் சைக்கிளின் பின்னால் குறுக்காக வைத்துக் கட்டிக்கொண்டு தனியாகவே ஏறினேன். மூன்றாவது வளைவில் ஒரு பஸ் எதிரே வந்தது. அடிபட்டவர்களையும் செத்தவர்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒதுங்கி வழிவிட்டேன். பஸ் உரசிப் பலகையில் கீறல் விழுந்துவிடக் கூடாதென்று அதை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

வளைவில் பெரியம்மாள் மட்டும் இருந்தாள். முழங்கை வரை ரத்தம். குடத்தில் தண்ணீர் இருந்தும் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். பழைய குழியில் கம்பத்தை இறக்கி, கல் போட்டு இறுக்கி, சுற்றிலும் இலைச்சருகைப் பரப்பினேன். புதிதாக நட்டது போலத் தெரியக்கூடாது என்பதற்காகப் பலகையில் கொஞ்சம் சேற்றையும் தேய்த்தேன். இரண்டரை மாதமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பலகை. சேறு பூசும்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இப்போ வெக்கறியா சாமி" என்றாள்.

"ஆமாம்" என்றேன். பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலை போலீஸ் வந்து பார்த்தபோது பலகை இருந்தது. பலகை இருந்ததாகவே எழுதினார்கள். டிரைவர்மேல் போட்ட கேஸில் பெரியம்மாளை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். சம்பவ தினத்தன்று பதினேழாம் எண் பலகை இருந்ததா என்று வக்கீல் கேட்டார். "இருந்தது, நல்ல நிலையில் இருந்தது" என்றேன். எங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கோலை ஊன்றிக் கூண்டில் நின்றிருந்த தெய்வசிகாமணி என்னைப் பார்த்துக் கைகூப்பி, "சாரையே கேளுங்க ஐயா, சாருக்குத் தெரியும்" என்றான். பயத்தில் கெஞ்சுகிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானது. இப்போது கடலூர் ஜெயிலில் பத்தாவது மாதம்.

அவன் சம்சாரம் கொளஞ்சியம்மாள் ஒரு தடவை ஆபீசுக்கு வந்தாள். அழவில்லை. வாசற்படிக்குக் கீழேயே நின்றாள்.

"எங்க வூட்டுக்காரரு கண்ணு தெரியாதவரு இல்லீங்க. இருவது வருசமா வண்டி ஓட்டுறாரு, ஒரு கோழி மேலகூட ஏத்தினதில்ல. ஊர்ல ஏழு பேரக் கொன்னவன் பொண்டாட்டின்றாங்க. போர்டு இருந்திச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லிடுங்க. நா போயிடறேன்."

"போர்டு பத்திரமா இருந்திச்சிம்மா" என்றேன்.

"சரிங்க, அப்போ அவரு மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள். புருஷன்மேல் தப்பு இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிற மனசு எல்லோருக்கும் வராது.

அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. பலகைகளைக் காப்பாற்றுவதைப் பற்றி மற்றப் பிரிவுகளுக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்கிற வேலை. என் இடத்துக்கு அன்புச்செல்வன் என்று ஒருவர் வந்தார். சாவியையும் பதிவேட்டையும் அவரிடம் ஒப்படைத்தேன். பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒரு பக்கத்தையும் கிழித்திருக்க மாட்டேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு நேராக, தகரமும் சேலையும் எழுதியது போக, இரண்டு வரி இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலையில் 'நாற்பத்தொன்றும் குடோனில், நல்ல நிலையில்.' அதற்குக் கீழே 'பதினேழாம் எண் ஏழாவது வளைவில் நடப்பட்டது, மாலை ஐந்து நாற்பது.' இரண்டும் என் கையெழுத்துத்தான். ஜனங்களிடம் எப்படிப் பேசினாலும், பதிவேட்டில் நான் பொய் எழுதுகிறவன் இல்லை. அந்த இரண்டு வரியை வைத்துத்தான் இன்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

பதிவேட்டில் இல்லாதது ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. ஒழுங்காக முடிக்க வேண்டும் என்பதற்காக நானே சொல்கிறேன்.

அன்று காலை தகரத்தை எடுத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கும்போது, அடிவாரத்தில் ஒரு காலி லாரி நின்றிருந்தது. டிரைவர் இறங்கி வந்து கையைக் காட்டினான். தெய்வசிகாமணிதான். பெயர் அப்போது எனக்குத் தெரியாது.

"சார், நீங்க ரோடு ஆபீஸுங்களா? மலை ரோடு எனக்குப் புதுசுங்க. திரும்பி லோடோட எறங்கணும். மோசமான டர்னிங்குல போர்டு வெச்சிருக்காங்களா?"

சின்னக்கண்ணு பின்னால் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். இல்லை என்று சொன்னால் எங்கே என்று கேட்பான். இந்த ஏழாவது வளைவு, நேர் ரோடு, பள்ளம் எல்லாம் அந்த நேரத்தில் என் கண்முன்னால் இருந்தன என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறந்துபோய்ச் சொல்லவில்லை.

"எல்லாத்துக்கும் போர்டு இருக்குது. போர்டு இல்லாத எடத்துல பயமில்ல, தைரியமா எறங்கு" என்றேன்.

அவன் சின்னக்கண்ணு மடியில் இருந்த தகரத்தைப் பார்த்தான். சுண்ணாம்புக் கோட்டின்மேல் விரலை வைத்து, அது வளைந்த பக்கமாகவே இழுத்துப் பார்த்தான்.

"இது இன்னா போர்டு சார்? இம்மாம் பெரிய வளைவு போட்டிருக்குது?"

"அது கவர்மெண்டு போர்டு இல்ல. அதயெல்லாம் நம்பாத."

உடனே விரலை எடுத்துக்கொண்டான். "சரிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போய் வண்டியை எடுத்தான். மரியாதை தெரிந்த ஆள். இப்படிப்பட்டவர்கள் ஒரு நாளும் பலகையில் கை வைக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.